அயர்ன் குடுத்தாச்சா?

"நம்ம பிள்ளைக்கு அயர்ன் வேணுமாம். கேட்டியா இந்தக் கூத்த?"

"மெதுவாப் பேசுங்க. பஸ்ஸே திரும்பிப் பாக்குது."

"பாக்கட்டும். ஊர்ச் சட்டைக்கெல்லாம் அயர்ன் போடறவன் வீட்டுல பொறந்துட்டு எனக்கு அயர்ன் பத்தாதுங்கறா பாரு உன் மக. வெளியில சொன்னா கடைக்கு எவன் வருவான்?"

"பத்தலன்னு யாரும் சொல்லல. பத்தாமப் போயிடக் கூடாதுன்னு சொட்டு மருந்து குடுக்கச் சொல்றாங்க. கடைசி ரெண்டு மாசத்துலதான் தாய் உடம்புலேருந்து பிள்ளை உடம்புக்கு இரும்பு போய்ச் சேருமாம். இவ அதுக்குள்ள இறங்கிட்டா."

"அவசரக்காரி. அம்மா மாதிரி."

"நானா? டீ ஆறுறதுக்குள்ள வாயில ஊத்தி நாக்கைச் சுட்டுக்கறது யாரு?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மார்போடு கட்டியிருந்த துணிச் சுருளுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வழிச்சோறு கட்டிக் குடுக்காமயே பிள்ளைய அனுப்பி வச்சுட்ட மாதிரி இருக்குங்க எனக்கு."

அவன் மடியிலிருந்த மருந்துப் பையைத் தூக்கி அவள் காதருகே குலுக்கினான். "இந்தா இருக்கு வழிச்சோறு. பின்னாலயே ஓடிப் போய்க் குடுத்துருவோம்."

பின்னாட்களில் அந்தப் பேச்சை அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். அவ்வளவு தெளிவாகத்தான் பேசிக்கொண்டார்கள். தெரிந்திருக்க வேண்டிய மூன்றாவது ஆள் அந்தப் பேருந்தில் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது ஆள் அவனுடைய அக்கா. அவளுக்கு அண்ணி. ஏழாம் மாதத்தில் வலி எடுத்து, குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் தாய் வேறொரு வார்டிலுமாகக் கிடந்தபோது, தன் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து இறங்கியவள். இரண்டு பையன்களை வளர்த்து ஆளாக்கி வேலைக்கு அனுப்பியவள். கணவர் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. குழந்தையை முதல் தடவையாகக் கையில் வாங்கியதும், "அட, சட்டைப் பொத்தான் அளவுல்ல இருக்கா!" என்றாள். அன்றிலிருந்து பொத்தான் என்பதே பெயராகிவிட்டது.

வீடும் கடையும் ஒன்றுதான். முன்னறையில் நீள மேசை. அதன் மேல் நாலைந்து மடிப்புக் கம்பளி, அதற்கு மேல் வெள்ளைத் துணி. இரண்டு இஸ்திரிப் பெட்டிகள், ஒன்று நீராவி, மற்றொன்று பழைய கனமான பெட்டி. நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குப் பக்கவாட்டில் இன்னொரு கதவு, அது எதிர் அடுக்குமாடிக்காரர்களுக்கு. அவர்கள் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வரச் சோம்பல்பட்டு அந்தக் கதவைத்தான் தட்டுவார்கள். தேய்த்து முடித்த மூட்டைகள் கதவோர அலமாரியில் அடுக்கியிருக்கும். வீட்டுக்குள் இருப்பவர் எடுத்துக் கொடுக்க வேண்டியது.

வீட்டுக்குள் இருந்தது அண்ணி. மேசையில் நின்றது அவளும் கணவனும்.

இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து பேசிச் செய்யவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் பிள்ளையைத் தூக்கவே அவளுக்குப் பயம். கழுத்து எங்கே நிற்கும், தோள் எங்கே முடியும் என்றே தெரியாது. அண்ணி ஒரு கையால் லாவகமாக வாங்கி, மறு கையால் சோற்றுத் தட்டை அவள் பக்கம் தள்ளுவாள். "நீ முதல்ல தின்னு. உடம்பத் தேத்து. பிள்ளைய நான் பாத்துக்கறேன்." உடம்பு தேறியது. வேலையாள் ஒருத்தன் நின்றுவிட்டதால் மேசையில் கை தேவைப்பட்டது. அவள் போய் நின்றாள். அப்படியே நின்றுவிட்டாள்.

பொத்தானுக்கு மார்பில் வாய் வைத்து உறிஞ்சும் பலம் வரவில்லை. அதனால் அவள் திரைக்குப் பின்னால் போய்ப் பாலைப் பீய்ச்சிப் புட்டியில் அடைத்து அண்ணியிடம் நீட்டிவிட்டு மறுபடியும் மேசைக்கு வருவாள். பால் அவளுடையது, மடி அண்ணியுடையது. திரையின் இடுக்கு வழியாகப் பிள்ளையின் ஒரு பாதம் மட்டும் தெரியும். சட்டைக் கையைத் தேய்த்துக்கொண்டே அந்தப் பாதத்தைப் பார்ப்பாள்.

கேட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை புறப்பட்டுப் போயிருக்கிறாள்.

"அண்ணி..."

"என்னம்மா?"

"...சோப்பு தீந்துடுச்சா?"

இன்னொரு நாள் சீப்பு. இன்னொரு நாள் குடிதண்ணீர். தனக்காக வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்க்கிற ஒருத்தியிடம், பிள்ளையைக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? குறை இருந்தால் சண்டையாவது போடலாம். அண்ணியிடம் குறையே இல்லையே.

பேருந்தில் வந்த அன்றும் வாசலிலேயே அண்ணி கை நீட்டிவிட்டாள். "குடு, குடு. காத்துல வாடிப் போயிருக்கா." பிள்ளை வீறிட்டது. பக்கக் கதவில் புதிதாகக் குடிவந்தவர் ஒரு மூட்டையோடு நின்று, "இங்கதானே துணி வாங்கறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலுக்கு நடுவே அவன் மருந்துப் பையை அலமாரியில் வைத்துவிட்டுச் சத்தமாகச் சொன்னான்:

"அக்கா, மஞ்சள் மருந்து வழக்கம்போல. புதுசா ஒரு அயர்ன் வந்திருக்கு. தினமும் குடுக்கணும். மறந்துடாத."

"புது அயர்னா? சரிடா, குடுத்துடறேன்."

அண்ணி பார்த்தது புது மூட்டையை. பைக்குள் இரண்டு அட்டைப் பெட்டிகள் இருந்தன. ஒன்றைப் பிரித்தாள், வழக்கமான மஞ்சள் விட்டமின் சொட்டு. மற்றதும் அதே மருந்துதான், இது தீர்ந்தபிறகு பிரிக்க வேண்டியது என்று எண்ணிப் பின்னால் தள்ளி வைத்தாள்.

அதிலிருந்து தினமும் மாலையில் திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் கொடுப்பான்: "அக்கா, அயர்ன் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சுடா!"

மேசையருகே நிற்கும் இருவரும் நிம்மதியாக அடுத்த சட்டையை எடுப்பார்கள்.

*

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. துணி எதுவும் முழுதாகக் காயவில்லை. ஈரத்தோடு கொண்டுவந்து கொட்டினார்கள். பெட்டி பட்டதும் புஸ்ஸென்று ஆவி எழும்பி அறை முழுக்க நனைந்த பருத்தி வாசம். கம்பளிக்கு அடியிலிருந்த பலகைகூட உப்பிப்போனது.

பொத்தான் வளர்ந்தாள். சிரிக்கக் கற்றாள். பிறகு, எப்போது என்று சொல்ல முடியாமல், அந்த வளர்ச்சி மெல்ல நின்றது. பாதிப் புட்டியிலேயே கண் செருகித் தூங்கிவிடுவாள். உறிஞ்சும்போது நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை.

"சமத்து. பாலைக் குடிச்சதும் தூங்கிடறா," என்றாள் அண்ணி.

பக்கக் கதவுக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன வெள்ளையா இருக்கா!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவனுக்குப் பெருமை. "நம்ம கடைச் சலவை இல்லையா. நீலம் போட்டு எடுத்தது."

வெள்ளை என்றால் சந்தோஷப்படுவதுதான் அந்த வீட்டின் பழக்கம். வெளுப்பு ஒரு குறை என்று அங்கே யாருக்கும் தோன்றாது.

ஒரு மதியம் அவள் புட்டியை நீட்டப் போனபோது, பிள்ளையின் உள்ளங்கை விரித்தபடி படுக்கைத் துணியின் மேல் கிடந்தது. துணிக்கும் கைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அவள் தன் விரலால் அந்தக் கையை அழுத்திவிட்டு எடுத்தாள். சிவக்கவில்லை.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க." அவள் குரலில் இருந்தது என்னவோ, அவன் பெட்டியை நிமிர்த்தி வைக்கக்கூட மறந்து ஓடிவந்தான். அன்று ஒரு சட்டையின் முதுகு கருகிப்போனது.

*

இம்முறை மூன்று பேரும் போனார்கள். கடையைச் சாத்திவிட்டு.

டாக்டரம்மா பொத்தானின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். எடைக் குறிப்பைப் பார்த்தாள். ரத்தம் எடுக்கச் சொன்னாள். அந்தச் சின்னக் குதிகாலில் ஊசி இறங்கியபோது பிள்ளை அழுதது, ஆனால் அந்த அழுகையிலும் பலமில்லை. அவள் மனம் பழைய வார்டுக்கே போய்விட்டது. பழையபடி கண்ணாடிப் பெட்டி, பழையபடி குழாய், பழையபடி சொல்லும் நேரத்துக்கு மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவது. இன்னொரு முறை பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்ப அவளால் முடியாது.

முடிவு மதியத்துக்கு மேல் வந்தது.

"ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கே," என்றாள் டாக்டரம்மா. "உடம்புல இரும்பு கையிருப்பு ஏறக்குறைய காலி. நான் அயர்ன் எழுதியிருந்தேனே. குடுக்கறீங்களா இல்லையா?"

"தினமும் குடுக்கறோம்மா," என்றான் அவன். "நானே கேட்டுக் கேட்டு..."

"யாரு குடுக்கறது?"

"எங்க அக்கா."

டாக்டரம்மா அண்ணியின் பக்கம் திரும்பினாள். "கடைசியா எப்பம்மா குடுத்தீங்க?"

"நேத்துச் சாயங்காலம்தான்மா குடுத்தேன்," அண்ணி பணிவாகச் சொன்னாள். "பன்னெண்டு."

"பன்னெண்டு சொட்டா?"

"இல்லம்மா. பன்னெண்டு சட்டை. மூணாவது மாடிக்காரருக்கு."

"சட்டையா?" என்றாள் டாக்டரம்மா.

"ஆமாம்மா. அயர்ன் குடுத்தாச்சான்னு தம்பி தினமும் கேப்பான். எந்த உருப்படியும் தங்காம அன்னன்னைக்கே குடுத்துடுவேன். ஏன், யாராவது வரலன்னு சொன்னாங்களா?"

அவன் முகத்தில் இருந்த ரத்தமும் வடிந்துவிட்டது. "அக்கா," என்றான், "நான் கேட்டது மருந்து. பொத்தானுக்கு."

அண்ணி தம்பியைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். விஷயம் அவள் முகத்தில் மெதுவாக இறங்கியது, நனைந்த துணியில் சூடு இறங்குகிற மாதிரி. "ஐயோ," என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று சொல்ல முடியாது. பேனாவை மூடித் திறந்தாள். "நீங்க என்ன கடை வச்சிருக்கீங்க?"

"அயர்ன் கடைம்மா."

"சரிதான்," என்றாள். "நானும் நடுவுல தடுப்பூசிக்கு வந்தப்ப அயர்ன் குடுக்கறீங்களான்னுதான் கேட்டேன். பாட்டிலைக் காட்டுங்கன்னு கேக்கல. இப்ப யார் மேல தப்புன்னு பேசறதுக்கு எனக்கு நேரமும் இல்ல. பிள்ளையப் பாப்போம்."

"மறுபடியும் பெட்டியில வைக்கணுமா?" அவள் கேட்டேவிட்டாள். "ரத்தம் ஏத்தணுமா?"

"ஏத்தவேண்டிய கோட்டுக்குப் பக்கத்துல நிக்கறா. ஆனா மூச்சு நல்லா இருக்கு. கொஞ்சமாவது பால் குடிக்கறா. அதனால இன்னிக்கு ஏத்தல, வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க. முன்னாடி எழுதினதைவிடக் கூடுதலா இரும்பு குடுத்துப் பாப்போம். அளவு நான் எழுதினதுதான், சீக்கிரம் தேறட்டும்னு ஒரு சொட்டுகூட ஏத்திக் குடுக்கக் கூடாது. பால் வேண்டாம்னு திருப்பினாலோ, மூச்சு வாங்கினாலோ, எழுப்பியும் எழுந்திருக்கலன்னாலோ நேரா இங்க வந்துடணும். அடுத்த தடவை ரத்தம் பாக்கறப்ப ஏறியிருந்தா சரி. இல்லன்னா சேத்துக்கறேன்." எழுதிக்கொண்டே நிமிர்ந்தாள். "மலம் கறுப்பாப் போகும். பயப்படாதீங்க. கறுப்பாப் போனா மருந்து உள்ள போகுதுன்னு அர்த்தம்."

*

வீட்டுக்கு வந்ததும் அண்ணி நேரே அலமாரிக்குப் போனாள். பிரிக்காத அந்த அட்டைப் பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் அதை வாங்கிக்கொண்டு, "விடுக்கா. சொன்ன லட்சணம் என்னுது," என்றான்.

"காதுல வாங்கின லட்சணம் என்னுதுடா."

அவள் திரையோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? மருந்து என்று பேருந்தில் பேசியது அவளுக்குத் தெரியும். தன் கண்ணால் ஒரு நாளாவது பிள்ளை வாயில் அது விழுவதைப் பார்த்தாளா? பார்க்கிற இடத்தில் அவள் இருந்திருந்தால்தானே. இப்போது வாய் திறந்து கேட்டுவிடலாம். அண்ணியால் மறுக்க முடியாது. ஆனால் அது கேட்பதாக இருக்காது, பிடுங்குவதாக இருக்கும். தப்புச் செய்தவள் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினாள் என்று ஆகும். அவளுக்கு அப்படி வேண்டாம்.

பிள்ளை தேறட்டும். அதற்கப்புறம் கேட்டால்தான் அது கேட்பது.

மறுநாள் காலையில் கடையில் ஒரு சட்டம் வந்தது. சட்டம் போட்டவன் அவன். "இனிமே இந்த வீட்டுல துணியத் துணின்னுதான் சொல்லணும். அயர்ன்னா அது பொத்தானோடது மட்டும்."

"வர்றவங்க சொல்வாங்களே?"

"அவங்களும் மாத்திக்கட்டும்."

அவர்கள் எங்கே மாற்றிக்கொண்டார்கள்! எதிர் மாடியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். காது சற்று மந்தம். பக்கக் கதவைத் தட்டி, "என்னம்மா, அயர்ன் ஆச்சா?" என்றார்.

"ஆச்சுங்க," என்றாள் அண்ணி, முகமெல்லாம் பொறுப்பாக. "காலையிலயே குடுத்துட்டேன். பாதியத் துப்பிட்டா."

"என் பேன்ட்டையா?"

மேசையருகே நின்ற அவளுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. பல நாட்களாக வராத சிரிப்பு. அவன் தலையைத் திருப்பிக்கொண்டு குலுங்கினான். திரைக்கு அந்தப் பக்கம் அண்ணியும் சிரிப்பது கேட்டது, அழுகையும் கலந்து.

சொட்டு விடும்போது இப்போது மூன்று பேரும் கூடிவிடுவார்கள். அண்ணி மடியில் கிடத்திப் பிடிக்க, அவன் வெளிச்சத்தில் தூக்கி அளவு பார்க்க, அவள் கன்னத்தின் உள்பக்கமாக மெல்ல விடுவாள். பொத்தான் முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு நாக்கால் தள்ளுவாள். கழுத்துத் துணியில் பழுப்பாகக் கறை விழும். துருக்கறை. அவன் தொழிலில் அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. ஒரு வெள்ளைச் சட்டையில் கடுகளவு துருக்கறை பட்டுவிட்டதென்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவன். இப்போது அந்தக் கழுத்துத் துணியைக் கொடியில் விரித்துப் போட்டு, "பாத்தியா, எப்படிப் பிடிச்சிருக்கு!" என்று ரசித்தான்.

"துவைச்சா போகாது," என்றாள் அவள்.

"போக வேண்டாம். கிடக்கட்டும்."

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, "டேய்! ஓடி வா!" என்று அண்ணி போட்ட கூச்சலில் வாசலில் நின்ற வாடிக்கையாளர்கூடப் பதறிவிட்டார். ஓடிப் போய்ப் பார்த்தால், அண்ணி பிள்ளையின் அடித்துணியைப் பிரித்தபடி நிற்கிறாள். தார் மாதிரி கறுப்பு.

"கறுப்புடா," என்றாள் அண்ணி. "சொன்னாங்கதான். இருந்தாலும் பாத்ததும் எனக்கு..."

"கறுப்பா? எங்க, நல்லாக் காட்டு." அவன் குனிந்து ஆசைதீரப் பார்த்தான். "அடேங்கப்பா. என்ன ஒரு கறுப்பு! அக்கா, பொறந்ததுலேருந்து வெள்ளையப் பாத்துப் பாத்து வாழ்ந்தாச்சு. கறுப்பப் பாத்து இப்படிச் சந்தோஷப்படுவேன்னு நெனச்சதில்ல."

"போடா, கூறுகெட்டவனே. தண்ணி கொண்டா முதல்ல."

ஆனால் காத்திருப்பு காத்திருப்புதான். ஒவ்வொரு பாலுக்கும் திரைக்கு இந்தப் பக்கம் அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். உறிஞ்சும் சத்தம் நின்றால் பெட்டியும் நின்றுவிடும். நாலு மடக்கு, இடைவெளி, நாலு மடக்கு. மூச்சு வாங்குகிறதா? இல்லை. தூங்கிவிட்டாளா? இல்லை, மறுபடியும் தொடங்கிவிட்டாள். அவளும் மறுபடியும் தேய்ப்பாள்.

அண்ணிக்குத் தூக்கமே போய்விட்டது. பகலில் பிள்ளை கண்ணயர்ந்த நேரத்தில்கூடப் படுக்க மாட்டாள். ஒரு நாள் மேசைப் பக்கம் வந்து நின்றவள், தம்பி தேய்த்து வைத்த சட்டையைப் பார்த்து முகம் சுளித்தாள். "இதுக்குப் பேர் காலரா? நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்குது." பெட்டியை வாங்கி, காலரைப் பிரித்துத் தண்ணீர் தெளித்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு இரண்டு இழுப்பு. காலர் எழுந்து நின்றது. அடுத்த சட்டையையும் எடுத்தாள். அதற்கடுத்ததையும். அந்தச் சில நிமிடங்களில்தான் அவள் முகத்திலிருந்த அந்த இறுக்கம் கலைந்தது.

"எங்கப்பா இருந்தப்ப கடைக்கே இவதான் கை," என்றான் அவன் மனைவியிடம். "கல்யாணம் ஆகிப் போன அன்னைக்கு அக்கா போயிடுச்சேன்னு நான் அழுதேன். எங்கப்பா மேசைய நெனச்சு அழுதாரு."

பிள்ளை சிணுங்கியது. அண்ணி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். அவளும் ஓர் அடி எடுத்து வைத்திருந்தாள். அண்ணி முந்திவிட்டாள்.

*

அடுத்த தடவை ரத்தம் எடுக்கக் குதிகாலைப் பிடித்தபோது பொத்தான் வீடே இடிந்துவிழுகிற மாதிரி கத்தினாள். காலை உதறி நர்ஸம்மாவின் கையைத் தட்டிவிட்டாள். "ஏயப்பா, என்ன உதை," என்றாள் நர்ஸம்மா. அவர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாய் திறந்து சொல்லப் பயம்.

டாக்டரம்மா காகிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"ஏறியிருக்கு," என்றாள். "முழுசா நிரம்ப மாசங்கள் ஆகும், மருந்தை நிறுத்தக் கூடாது. ஆனா புது ரத்த அணுக்கள் கூட்டங்கூட்டமா வர ஆரம்பிச்சாச்சு. எடையும் ஏறியிருக்கு. ரத்தம் ஏத்த வேண்டாம். சேக்கவும் வேண்டாம். வீட்டுக்குப் போங்க." பிறகு சிரித்தாள். "யாரு குடுத்தீங்க இந்தத் தடவை?"

"மூணு பேரும்மா," என்றான் அவன்.

"நல்லது. சட்டை எத்தனை குடுத்தீங்கன்னு நான் கேக்கல."

வெளியே வராந்தாவில் அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளையின் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவன் மூன்று பேருக்கும் டீ வாங்கி வந்தான். ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். அவள் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் பசித்தது. எத்தனை வாரங்களுக்குப் பிறகு வந்த பசி. ரொட்டியும் இரண்டு அவித்த முட்டையும் வாங்கித் தின்றாள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு வாங்கிக் குடுடா அவளுக்கு," என்றாள்.

வீடு திரும்பும்போது மழை விட்டிருந்தது. தெரு முழுக்க மாடிகளில் துணி உலர்த்தியிருந்தார்கள். நாளைக்கு மூட்டை மூட்டையாக வந்து குவியும். கடையைத் திறந்ததும் அவன் பெட்டிகளைச் சூடேற்றப் போனான். அண்ணி பொத்தானைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேசையோரம் நின்று, மற்றக் கையால் காலையில் அரைகுறையாக விட்டுப்போன ஒரு சட்டையை நீவிவிட்டாள். பிள்ளை அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தது. அம்மாவைப் பார்த்ததும் வாயை அகலத் திறந்து சிரித்தது. காது மடல் வெளிச்சத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

"இங்க பாரும்மா," என்றாள் அண்ணி திரும்பாமலே. "இத்தனை நாள்ல நீ என்னை ஒரு வார்த்தை கேக்கல. இப்படிப் பண்ணிட்டியேன்னு ஒரு தடவையாவது கேட்டிருந்தா எனக்கு ஆறியிருக்கும். உன் மனசுல இருக்கறதச் சொல்லிடு. நான் தாங்கிப்பேன்."

"அது மனசுல இல்ல அண்ணி. சத்தியமா இல்ல."

"பின்ன என்னதான் இருக்கு? எப்பப் பாத்தாலும் அண்ணின்னு கூப்பிட்டு, பாதியில முழுங்கிட்டுப் போற."

பெட்டி சூடாகி முதல் ஆவியை விட்டது. அவன் கையில் சட்டையோடு திரும்பிப் பார்த்தான். அவள் ஈரக் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். இரண்டையும் நீட்டினாள்.

"பொத்தானை எங்கிட்ட குடுங்க அண்ணி. பால் குடுக்க, குளிப்பாட்ட, தூங்கப்பண்ண, எல்லாத்துக்கும். தெரியாதத உங்ககிட்ட கேட்டுக்கறேன். நீங்க மேசைக்கு வாங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு இல்ல, தினமும்."